பவுன்தாயின் இரைச்சல்

ரூபிணி செத்து நாற்பத்தோராம் நாள் மதியம், படத்துக்கு மாலை போட்டு, வந்தவர்களுக்கு இலை போட்டு, சாப்பிட்டவர்களை வழியனுப்பி, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பவுன்தாய் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே மகளுடைய பென்டிரைவை எடுத்து டிவியில் சொருகினாள். படம் வந்தது, மகளின் குரல் வரவில்லை, குரல் வர வேண்டிய இடத்தில் ஆயிரம் வண்டுகளைத் தகர டப்பாவில் போட்டு மூடியதுபோல ஓர் இரைச்சல் மட்டும் வந்தது.

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கிட்டங்கி ஒன்றில் பச்சையையும் வெளுப்பையும் உடைசலையும் தனித்தனியாகப் பிரித்துப் போடுகிற வேலை பவுன்தாய்க்கு. அவள் புருஷன் தவசி, விடிவதற்கு முன்னால் ஜீப்பில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கிற ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயும்போது இறக்கிக்கொண்டு வருகிறவர். அவர்களுக்கு ஒரே பிள்ளை ரூபிணி. கல்லூரியில் கடைசி வருஷம் படித்தாள். காய்ச்சல் என்று படுத்தாள், நாலாம் நாள் இல்லை.

அவள் உயிரோடு இருந்தவரைக்கும் எங்கே போனாலும் கையில் போனைப் பிடித்து வீடியோப் படம் எடுத்துக்கொண்டே இருந்தவள். பென்டிரைவில் முப்பத்தொரு படம் இருந்தது. அவற்றில் அம்மா இருந்தாள், அப்பா இருந்தார், கோயில் யானை இருந்தது, தெருவில் மழைத்தண்ணீர் ஓடியது, பொங்கல் பானை பொங்கியது. எடுத்தவள் மட்டும் இல்லை. எடுத்தவள் எப்போதும் போனுக்குப் பின்னால் நின்றாள். "அம்மா, இங்க பாரு" என்றும் "அப்பா, வயித்த எக்கு" என்றும் அங்கிருந்து பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்த அந்தக் குரல்தான் அவளுக்குப் பின்னால் இந்த உலகத்தில் மிச்சம். அதன்மேல்தான் இரைச்சல் உட்கார்ந்திருந்தது.

டிவியோடு சேர்த்து மாட்டியிருந்த ஹோம் தியேட்டர்கூட ரூபிணிக்குக் கிடைத்ததுதான், ஜவுளிக்கடைத் தீபாவளிக் குலுக்கலில். ஐந்து சின்னப் பெட்டி, ஒரு பெரிய பெட்டி. மூலைக்கு ஒன்றாக அவளே ஆணியடித்து மாட்டியிருந்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டிவி ரிப்பேர்க் கடை வைத்திருக்கும் தாஜு பாய் மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பின்னு லூசா இருக்கும்க்கா, வேற ஒண்ணும் இருக்காது" என்று சொல்லி எல்லாப் பின்னையும் மாற்றினார். இரைந்தது. டிஷ் வயரைப் பிடுங்கிவிட்டுப் போட்டுப் பார்த்தார், கரண்டு வயரோடு சேர்ந்து போன ஸ்பீக்கர் வயரையெல்லாம் பிரித்துச் சுவரின் மறுபக்கமாகக் கொண்டுபோனார், பெட்டியைத் திறந்து உப்பிப்போயிருந்த கெப்பாசிட்டர் இரண்டை எடுத்துவிட்டுப் புதிதாகச் சால்டர் வைத்தார், பெரிய ஸ்பீக்கரின் காகிதம் ஓரத்தில் கிழிந்து பிசிறடித்ததால் அதையும் மாற்றினார். இரைச்சல் முன்னைவிடத் தெளிவாக இரைந்தது. இரண்டாம் நாள், எர்த் சரியில்லை என்று கொல்லையில் இடுப்பளவு குழி தோண்டி, கரியும் உப்புமாகப் போட்டு, செம்புக் கம்பியை இறக்கி, நாலு குடம் தண்ணீர் ஊற்றினார். "இவ்வளவு சுத்தமான எர்த் இந்த ஊர்ல ஒரு வீட்லயும் இல்லக்கா" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டார். இரைந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் பவுன்தாய் அவருக்கு டீ போட அடுப்படிக்குப் போனாள். டீயோடு திரும்பி வந்தபோது தாஜு பாய் தலையைச் சாய்த்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, டம்ளரை அங்கயே வச்சிட்டு, அப்படியே வாசலுக்குப் போங்க."

"எதுக்கு பாய்?"

"சும்மா போங்கக்கா."

அவள் வாசலுக்குப் போனாள். "இன்னும் போங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. தெருவில் இறங்கினாள். "இன்னுங்கக்கா." தெருக்குழாய் வரைக்கும் போய் நின்றாள். வாசலிலிருந்து அது இருபத்திரண்டு தப்படி. அங்கே அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தாஜு பாய் தலையில் கட்டியிருந்த கைக்குட்டையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். அவர் முகம் கழுவினதுபோல் இருந்தது.

"கோளாறு செட்டுல இல்லக்கா."

"பின்ன?"

"ஒங்ககிட்டருந்துதான் வருது. நீங்க குழாயடிக்குப் போனதும் சுத்தமா நின்னுபோச்சு. பிள்ளை பேசுறது பக்கத்துல நின்னு பேசுற மாதிரி இருக்கு."

பவுன்தாய் அதைக் கேட்டு அதிர்ச்சியடையவில்லை. ரத்தக் கொதிப்பு கூடியிருக்கிறது என்று சொன்னால் எப்படிக் கேட்டுக்கொள்வாளோ அப்படிக் கேட்டுக்கொண்டாள். மகள் போன நாளிலிருந்து நெஞ்சுக்குழிக்குள் எதுவோ ஓயாமல் இரைந்துகொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். அது வெளியே கேட்கும் என்பதுதான் தெரியாது.

"இத நிப்பாட்ட முடியாதா?"

"எனக்குத் தெரிஞ்சது வயரும் சால்டரிங்கும்தான்க்கா" என்றார் தாஜு பாய். ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அவள் போனில் போட்டுப் பார்த்தாள், காதுக்குள் வைக்கிற இயர்போனில் கேட்டுப் பார்த்தாள், எல்லாவற்றிலும் அந்த வண்டுகள் இருந்தன. சத்தத்தை முழுக்கக் கூட்டி வைக்கச் சொல்லிவிட்டுக் குழாயடியில் போய் நின்றாள். சத்தம் கூடியபோது அவளைச் சுற்றியிருந்த இரைச்சல் வட்டமும் சேர்ந்து கூடியது, அவள் தெருமுனைவரை பின்னால் நடந்து போயும் இரைச்சல்தான் தெருமுனைக்கு வந்தது. சத்தத்தைக் குறைத்தால் வட்டம் இருபத்திரண்டு தப்படிக்குச் சுருங்கியது, ஆனால் அவ்வளவு தூரத்துக்கு மகளின் குரல் எட்டவில்லை. இப்படியாக, ரூபிணியின் குரலை ஊரில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், பெற்றவள் மட்டும் கேட்க முடியாது என்று ஆகிப்போனது.

ஊர் அதற்குத் தகுந்த மாதிரி தன்னைக் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொண்டது. டவுன் பஸ்ஸில் அவள் ஏறுவதைக் கண்டதும் கண்டக்டர், "அண்ணே, பாட்ட அமத்துங்க, பவுன்தாய் அக்கா ஏறுது" என்பார். டிரைவர் அமர்த்திவிட்டு, அவள் இறங்கியதும் விட்ட இடத்திலிருந்து போடுவார். கிட்டங்கியை ஒட்டியிருந்த ஏல மையத்தில் விலை கூவுகிறவரின் மைக்கு இரைந்ததால் கிட்டங்கிக்காரர் அவளைப் பின்கட்டுக்கு மாற்றி, அங்கே ஒரு ஃபேனும் மாட்டிக் கொடுத்தார். பள்ளிவாசல் பக்கம் அவள் நடந்து போகிற நேரம் பாங்கு நேரமாக இருந்தால், மோதினார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து அவள் வளைவு திரும்புகிறவரைக்கும் ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள்வார். கல்யாண வீட்டுக்காரர்கள் அவளை அழைக்காமல் விடவில்லை; அவள் மொய்க்கவரைக் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டு எழுகிறவரை மைக்செட்டை நிறுத்தி வைத்தார்கள், அந்த அரைமணி நேரத்தில் மண்டபத்தில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டார்கள், அது நன்றாக இருக்கிறது என்றுகூடச் சிலர் சொன்னார்கள். பரீட்சை சமயத்தில் தேர்தல் ஆட்டோக்கள் கத்திக்கொண்டு வந்தபோது, பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து, "கொஞ்சம் எங்க தெருமொனையில வந்து ஒக்காருங்கக்கா, பிள்ளைக படிக்கட்டும்" என்று கூட்டிப்போய் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்; அவளைக் கண்டதும் ஆட்டோக்கள் மைக்கை அமர்த்திவிட்டுப் போயின.

அவளுக்காகக் கேட்டுச் சொல்ல முதலில் போனவள் எதிர்வீட்டு லூர்துமேரி, தையல்காரி.

"நீங்க குழாயடியில நில்லுங்கக்கா. நான் கேட்டுட்டு வந்து வரி விடாமச் சொல்றேன்."

அவள் போய்க் கேட்டாள், வந்து சொன்னாள்: "முதல் படத்துல ஒங்களப் பாத்து, 'அம்மா, சேலைய இழுத்து விடு, கரண்டக்கால் தெரியுது'ன்னு சொல்லிட்டுச் சிரிக்கிறாக்கா."

"எப்படிச் சிரிக்கிறா?"

லூர்துமேரி சிரித்துக் காட்டினாள். பவுன்தாய் இல்லையென்று தலையாட்டினாள். இட்லிக்கடை செல்லக்கிளி போய்க் கேட்டுவிட்டு வந்து, "அவ மொதல்ல சிரிச்சா, பெறகுதான் சேலையச் சொன்னா, இவளுக்கு ஒழுங்காக் கேக்கத் தெரியல" என்றாள். மூன்றாவதாகப் போனவள், ரூபிணி 'அம்மா' என்று சொல்லவில்லை, 'யம்மோவ்' என்றுதான் சொன்னாள் என்றாள். அதற்குப் பிறகு தினமும் பொழுது சாய்ந்ததும் தெருப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு உள்ளே போய்க் கேட்டார்கள், வந்து சொன்னார்கள், ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி மறுத்தாள், மாவாட்டுகிற இடத்திலும் ரேஷன் வரிசையிலும் அதையே பேசித் தகராறு செய்தார்கள், பவுன்தாய் எல்லோர் சொன்னதையும் வாங்கிக்கொண்டு அவற்றிலிருந்து மகளைத் தேடி எடுக்கப் பார்த்தாள்.

இப்படியே நாலைந்து மாதம் போனதில் யாருக்கும் தெரியாமல் ஒன்று நடந்தது. ரூபிணிக்கு 'அதானே பாத்தேன்' என்று சொல்லும்போது 'னே'யை இழுத்து ஒரு குலுக்குக் குலுக்குகிற பழக்கம் உண்டு. அது லூர்துமேரியிடம் தொற்றிக்கொண்டது. அவளிடமிருந்து செல்லக்கிளிக்குப் போனது. ஒருநாள் காலையில் கீரைக்காரர் சில்லறையை எண்ணிக்கொண்டே, "அதானே பாத்தேன்" என்று அச்சு அசலாக அந்த இழுப்போடு சொன்னபோது, பவுன்தாய் கையிலிருந்த கீரைக்கட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தெருவில் மகள் துண்டு துண்டாக நடமாடினாள். வீட்டுக்குள் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் இருபத்தேழாவது படத்தைப் பற்றி அவள் யோசிக்கத் தொடங்கினாள்.

அது சுருளி அருவியில் எடுத்தது, மகள் காய்ச்சலில் விழுவதற்கு முந்தின நாள். சத்தத்தை அமர்த்திவிட்டு அவள் அதைப் பலமுறை பார்த்திருக்கிறாள். அருவி விழுகிறது. அவள் பாறையில் உட்கார்ந்து தலை உலர்த்துகிறாள். பிறகு யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிப் பார்க்கிறாள், முகத்தைச் சுளிக்கிறாள், வாயைத் திறந்து என்னவோ சொல்கிறாள். நல்லதாக ஏதும் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் என்ன சொன்னோம் என்பதும், அதற்கு முன்னால் மகள் என்ன சொன்னாள் என்பதும், எவ்வளவு முட்டிப் பார்த்தாலும் நினைவுக்கு வரவில்லை.

லூர்துமேரியிடம் கேட்டாள். "அருவிச் சத்தந்தான்க்கா, வேற ஒண்ணும் கேக்கல" என்றாள் அவள். செல்லக்கிளியிடம் கேட்டாள். "அருவிச் சத்தந்தான்க்கா, வேற ஒண்ணும் கேக்கல." தாஜு பாயின் கடைக்கே நடந்து போய், அங்கே ரிப்பேருக்கு வந்திருந்த அத்தனை பெட்டியும் ஒரே சமயத்தில் இரைய, வாசலில் நின்று கேட்டாள். அவர் தலை நிமிராமல், "அருவிச் சத்தந்தான்க்கா, வேற ஒண்ணும் கேக்கல" என்றார்.

முப்பது படத்தைப் பற்றியும் ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிச் சண்டை போட்டவர்கள் இந்த ஒரு படத்துக்கு மட்டும் ஒரு சொல் மாறாமல் ஒரே மாதிரி சொன்னார்கள். வீடு திரும்புகிற வழியெல்லாம் பவுன்தாய் அதை நினைத்துக்கொண்டே நடந்தாள். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, யாரோ சொல்லிக்கொடுத்துத்தான் இவர்கள் சொல்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், தவசி ஜீப்பைக் கழுவக் குழாயடிக்கு வாளியோடு வந்தார். அங்கே நின்றிருந்த பவுன்தாய் வாளி நிறைந்ததும் கேட்டாள்.

"இருபத்தேழாவதுல அவ என்ன சொன்னா?"

"அருவிச் சத்தந்தான். வேற ஒண்ணும் கேக்கல."

"நீங்களுமா?"

தவசி குழாயை மூடினார். மூடியதை மறுபடி திறந்தார். பிறகு சிமெண்டு மேடையில் உட்கார்ந்துவிட்டார்.

"'அம்மா, குளிருதும்மா, ஒடம்பெல்லாம் வலிக்குது, வீட்டுக்குப் போவமா'ன்னா."

"நான்?"

"'வந்த எடத்துலயும் ஒனக்கு நொரநாட்டியமா, பேசாம இருடி'ன்ன."

பவுன்தாய் அதை வாங்கிக்கொண்டாள். வாளி நிறைந்து வழிந்து, தண்ணீர் அவள் காலடியில் ஓடியது.

"இம்புட்டுத்தானா? நான் வஞ்சது எனக்குத் தெரியுங்க. வாய் அசையிறதப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். இதுக்கா ஊரே சேந்து பொய் சொல்லுச்சு?"

"இல்ல" என்றார் தவசி. "அதுக்குப் பெறகு எங்கிட்டக் கேட்டா. 'அப்பா, நீயாவது சொல்லுப்பா'ன்னா. நான் அவ பக்கத்துலதான் நின்னேன். சிரிச்சேன் பவுனு. 'இவளுக்கு எப்பவும் இதே வேலதான், பஜ்ஜி வாங்கிக் குடுத்தா எல்லாம் சரியாப்போயிரும்'னேன். பக்கத்துல நின்னு சொன்னதால அதுதான் எல்லாத்தையும் விடச் சத்தமாக் கேக்குது. அம்புட்டுப் பேருகிட்டயும் நான்தான் கையப் பிடிச்சுக் கெஞ்சினேன், அருவிச் சத்தம்னு மட்டும் சொல்லுங்கன்னு. ஒனக்காகன்னு சொன்னேன். எனக்காகத்தான்."

அவள் அவரைத் திட்டவில்லை. அழவுமில்லை. பக்கத்தில் மேடையில் உட்கார்ந்தாள். எழுந்து குழாயை மூட வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. லூர்துமேரிதான் வந்து மூடிவிட்டுப் போனாள்.

மறுநாள் விடியலில் தவசி ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைமேல் போனபோது, மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் ஜீப்பின் பாட்டு இரைய ஆரம்பித்தது. முன்சீட்டில் இருந்த ஒருத்தி கையை நீட்டிப் பாட்டை அமர்த்தினாள். அன்று சாயங்காலம் பவுன்தாய் பஸ்ஸில் ஏறினாள். பாட்டை அமர்த்த மறந்துபோன டிரைவர், அவள் கடைசி சீட்டில் இருந்தும் பாட்டு தெளிவாகப் போய்க்கொண்டிருப்பதை இரண்டு நிறுத்தம் தாண்டித்தான் கவனித்தார்.

தாஜு பாய் வந்து, முதலில் அவளை நடக்க விட்டு அளந்தார், பிறகு அவரை நடக்க விட்டு அளந்தார். "ஒங்களுக்குப் பதினொண்ணுக்கா" என்றார். "அண்ணனுக்கும் பதினொண்ணு."

பதினோரு தப்படி என்றால் அது லூர்துமேரி வீட்டு வாசல்படி. அங்கே நின்றால், தெரு அமைதியாக இருந்தால், உள்ளே பேசுவது கேட்கும். அதனால் அடுத்த நாள் பொழுது சாய்கிற நேரத்தில் தெருவே அமைதியாக இருந்தது. செல்லக்கிளி கிரைண்டரை நிறுத்தினாள், எல்லா வீட்டிலும் டிவியை அணைத்தார்கள், அந்தப் பக்கம் வந்த ஆட்டோக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார். எதிர் வாசல்படியில் புருஷனும் பொண்டாட்டியும் ஒருவரையொருவர் தொடாமல் நின்றார்கள். அவர்கள் வீட்டுக்குள் அவர்கள் இரண்டு பேரும் இல்லை. லூர்துமேரி மட்டும் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்று, போடவா என்று கண்ணால் கேட்டாள். பவுன்தாய் தலையாட்டினாள்.

முதலில் அருவி விழுந்தது. பிறகு ரூபிணி, "அம்மா" என்றாள்.

மகளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஓரத்தில் ஒரு கரகரப்பு இருந்தது, பாதி அம்மாவிலேயே மூச்சு வாங்கியது. இத்தனை மாதம் இத்தனை பேர் கேட்டும் இதை ஒருத்திகூட வந்து சொல்லவில்லை, பெற்றவள் தவிர வேறு யாருக்கும் இது கேட்டிருக்காது. அன்றைக்கு ஒரு தரம் திரும்பிப் பார்க்காமல் இந்தக் குரலை மட்டும் காது கொடுத்துக் கேட்டிருந்தால் போதும், நெற்றியைத் தொட்டுப் பார்க்கக்கூட வேண்டியிருந்திருக்காது. "அம்மா, குளிருதும்மா, ஒடம்பெல்லாம் வலிக்குது, வீட்டுக்குப் போவமா?"

"வா சாமி, போவம்" என்றாள் பவுன்தாய்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் வீட்டுக்குள் படத்தில் இருந்த பவுன்தாய், "வந்த எடத்துலயும் ஒனக்கு நொரநாட்டியமா" என்று எரிந்து விழுந்தாள். பிறகு ஓர் ஆம்பளைச் சிரிப்புக் கேட்டது, பஜ்ஜி என்ற சொல் கேட்டது. தவசி அதைத் தலைகுனியாமல் நின்று கேட்டார். பிறகு மறுபடி தண்ணீர் விழுந்தது, படம் முடிந்தது.

"இன்னொரு தரம் போடவாக்கா?" என்று ஜன்னலிலிருந்து லூர்துமேரி கேட்டாள்.

"போடு."

ஏழு தரம் போட்டார்கள். ஏழு தரமும் மகள் கேட்டாள், ஏழு தரமும் பவுன்தாய், "வா சாமி, போவம்" என்று பதில் சொன்னாள், ஏழு தரமும் உள்ளே இருந்தவள் முந்திக்கொண்டு திட்டினாள். எட்டாவது தரம் ரூபிணி, "அப்பா, நீயாவது சொல்லுப்பா" என்றபோது, தவசி வாசல்படியை விட்டுத் தெருவில் இறங்கி, தன் வீட்டைப் பார்த்து, "வா தாயி, ஜீப்ப எடுக்குறேன்" என்றார். அவர் இறங்கிய அந்த ஓர் அடியில் இரைச்சல் எழுந்து, அதற்குமேல் படத்தில் வந்த எல்லாவற்றையும் மூடிக்கொண்டது.